எமரால்டு ஏரிக்கரையில் சில நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆறேழு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நீலகிரியில் இருக்கும் எமரால்டு ஏரிக்கரைக்குப் போய்த் தங்கி வருகிறோம். அங்கே வரைந்த படங்களைப் பார்த்தவர்கள், "நாங்களும் போகணும்" என்று ஆரம்பித்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

எமரால்டு ஏரின்னா ஊட்டியில போட் ஓட்டுவாங்களே, அதுதானே?

இல்லை. அது ஊட்டி நகரத்துக்கு உள்ளேயே இருக்கும் ஏரி. எமரால்டு ஊட்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாகப் போகும் பாதையில் இருக்கிற ஒரு மலைக்கிராமம். சின்னக் கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம், சுற்றிலும் தேயிலையும் காய்கறித் தோட்டமும், கீழே நீண்டு வளைந்து கிடக்கும் நீர். உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர்.

பார்க்க இயற்கை ஏரி மாதிரி இருந்தாலும் அது ஒரு நீர்த்தேக்கம். குந்தா நீர்மின் திட்டத்துக்காக எமரால்டு, அவலாஞ்சி என்று இரண்டு அணைகள் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு உதவிய திட்டம் அது. குந்தாவில் இருக்கும் மின்நிலையத்தை இன்றைக்கும் ஊர்க்காரர்கள் கனடா பவர் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். இங்கிருந்து சுரங்கக் குழாய் வழியே இறங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே போய் பில்லூர் அணையில் சேர்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் அணைகளில் பில்லூரும் ஒன்று. கரையில் உட்கார்ந்து பென்சில் சீவும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்: எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இந்த மலையின் மழைதான்.

ஊட்டியில ரூம் போட்டுட்டு ஒரு மதியம் வந்து பார்த்துட்டுப் போனா போதாதா?

போதாது என்றுதான் மனசாரச் சொல்வேன். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைதான் இந்த ஏரி மிகச் சாதாரணமாக இருக்கும். வெயில் நேராக விழும், நிறம் தட்டையாகிவிடும். வருகிறவர்கள் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு, "அவ்ளோதானா" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

காலை ஆறரைக்கு வந்து பாருங்கள். ஏரி இருக்கும் இடமே தெரியாது. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பியிருக்கும். முதலில் எதிர்க்கரையில் நிற்கும் சீகை (வாட்டில்) மரங்களின் உச்சி மட்டும் கறுப்பாக எழும்பும். பிறகு முட்டைக்கோஸ் தோட்டத்தின் வரப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் ஈயத்தகடு மாதிரி நிறமே இல்லாமல். பச்சை ஏற எட்டு மணியாகும். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இங்கேயே தங்கச் சொல்கிறேன். குறைந்தது இரண்டு இரவு; முடிந்தால் மூன்று.

இ-பாஸ் கண்டிப்பா எடுக்கணுமா? பஸ்ல வந்தா?

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, அரசின் இணையதளத்திலேயே பதியலாம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை கடைசி நேரத்தில் முயற்சி செய்யாதீர்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.

பஸ்ஸில் வருவது சுலபம்தான். மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி மத்திய பேருந்து நிலையம், அங்கிருந்து எமரால்டு பஸ். மலை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் ஊட்டி வரை அதில் வாருங்கள். 46 கிலோமீட்டர்தான், ஆனால் பொறுமையாக ஏறும். குழந்தைகளுக்கு அதுவே ஒரு நாள் விருந்து.

எந்த மாசம் வர்றது நல்லது?

எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் அழைத்துப் போவது பெரும்பாலும் அக்டோபர் இரண்டாம் பாதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிக்குள். தென்மேற்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், மலை துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை அடிக்கிற அளவுக்கு இந்த மேற்குப் பக்கத்தை அடிக்காது. ஆனால் வரும் வழியில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரியலாம். அதனால் கிளம்பும் முன் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். எமரால்டு இருக்கும் இந்தக் குந்தா பகுதியின் மழை சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்ட்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எத்தனையோ ஊர்களுக்கு அது ஒரு வருடத்து மழை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவியது போல் வெளுத்திருக்கும். அந்தக் குளிரைத் தாங்குகிறவர்களுக்கு அதுவும் அழகுதான்.

நெட்ல ஏரி நிறைய தண்ணியா இருந்துச்சு. நாங்க மே மாசம் போனப்ப பாதி வெறும் செம்மண்ணு. ஏன் அப்படி?

முதல் பதிலில் சொன்ன காரணம்தான்: அது மின்சாரத்துக்கான தேக்கம். பிப்ரவரியிலிருந்து மே வரை தண்ணீர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கரையைச் சுற்றிப் படிப்படியாகச் செம்மண் வளையம் தெரியும். நானும் முதல் தடவை ஏப்ரலில் போய் ஏமாந்துதான் நின்றேன்.

ஆனால் அந்த மண் வளையங்கள் வரைவதற்கு எவ்வளவு நல்லவை என்பது இரண்டாவது நாள்தான் புரிந்தது. ஒவ்வொரு கோடும் தண்ணீர் சில நாள் நின்ற இடம். காவியும் பழுப்பும் இளஞ்சிவப்பும் அடுக்கடுக்காக, அடியில் ஒரு துண்டுப் பச்சை. என் அறையில் மாட்டியிருக்கும் ஒரே எமரால்டு படம் அந்த ஏப்ரலில் போட்டதுதான். நிறைந்த ஏரி மட்டும்தான் வேண்டும் என்றால் கோடை விடுமுறையை விட்டுவிட்டு வாருங்கள்.

போட் இருக்கா? இறங்கிக் குளிக்கலாமா?

படகு சவாரி வேண்டுமென்றால் ஊட்டி ஏரிக்கோ பைக்காராவுக்கோ போங்கள்.

குளிப்பது கூடவே கூடாது. கரை சரிவாக இல்லாமல் திடீரென்று ஆழத்துக்குப் போகும், அடியில் சேறு, தண்ணீரோ கையை வைத்தாலே விறைக்கும் குளிர். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மட்டம் இறங்கிய மாதங்களில் காய்ந்தது போலத் தெரியும் சேற்றில் வண்டியை இறக்காதீர்கள். எங்கள் வேன் ஒரு முறை அச்சு வரை புதைந்து, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பத்துப் பேர் வந்து தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு அரை நாள் கூலி எங்களால் போனது.

தங்குறதுக்கு நம்பி எங்க புக் பண்றது?

இடத்தின் பெயர் சொல்ல மாட்டேன். எது எப்போது நன்றாக இருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. கேட்க வேண்டியது மட்டும் சொல்கிறேன். உள்ளாட்சி அனுமதியும் சுற்றுலாத் துறைப் பதிவும் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நீலகிரியில் அனுமதி இல்லாத விடுதிகளுக்குச் சீல் வைப்பது நடக்கிறது; நீங்கள் போய்ச் சேரும் நாளில் பூட்டு தொங்கினால் குழந்தைகளோடு எங்கே போவீர்கள்? வெந்நீருக்குக் கீசரா விறகடுப்பா, கம்பளி எத்தனை, கடைசி அரை கிலோமீட்டர் கார் போகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "ஏரி வியூ" என்று போட்டிருந்தால், அறையிலிருந்து அன்றைக்கு எடுத்த ஒரு படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மட்டம் எங்கே இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாடு கிடைக்குமா?

கடைத்தெருவில் காலை டிபனும் மதியச் சாப்பாடும் டீயும் கிடைக்கும். இரவு எட்டுக்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். தங்கும் வீட்டிலேயே சமைத்துக் கொடுத்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தினர் வீடாக இருந்தால், அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும் ராகிக் களியும் முடியுமா என்று முந்தின நாளே பணிவாகக் கேளுங்கள். அந்த அவரைக் குழம்பின் மணத்துக்கு ஈடான ஒன்றை நான் சமவெளியில் சாப்பிட்டதில்லை.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தட்டு டம்ளர் கொண்டுவராதீர்கள். மாவட்டம் முழுவதும் தடை, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும்.

மூணு நாள் அங்க என்னதான் பண்றது? பசங்களுக்கு போர் அடிக்குமே?

முதல் நாள் அடிக்கும். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இரண்டாவது நாள் அவர்களே தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்கள்.

இங்கே ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். கேரட் அறுவடை நடக்கும் நாட்களில் நள்ளிரவு தாண்டியே ஆட்கள் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மலைச்சரிவில் வெளிச்சப் புள்ளிகள் மட்டும் குனிந்து நிமிரும். விடிவதற்குள் பிடுங்கி, தழை ஒடித்து, மூட்டை கட்டி, கழுவும் இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி போய்விட வேண்டும். கழுவும் மெஷினிலிருந்து சேறு வடிந்து கேரட் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு வருவதை என்னோடு வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரம் நகராமல் பார்த்தாள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி நின்று பாருங்கள்.

மழை வந்தால் முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போங்கள். ஊட்டிக்கும் எமரால்டுக்கும் நடுவில் வழியிலேயே இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியின் ஆறு பழங்குடிகளையும் பற்றிய அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. அரசு அலுவலகம் என்பதால் வேலை நாளில், வேலை நேரத்தில் போக வேண்டும். கீழே நான் எழுதியிருக்கும் கலைகள் பற்றிய பதில்களைப் படித்துவிட்டு அங்கே போனால் பார்ப்பது நன்றாக மனசில் பதியும்.

அவலாஞ்சிக்கு நம்ம கார்லயே போயிடலாமா?

வனத்துறை வாசல் வரைதான். அங்கிருந்து உள்ளே சோலைக்காட்டுக்கு வனத்துறை வண்டியில்தான் அழைத்துப் போவார்கள், கட்டணம் உண்டு. கனமழை எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், விடுமுறை நாளில் வரிசை நீளும். 1907-இல் தொடங்கிய டிரவுட் மீன் பண்ணையும் அவலாஞ்சியில்தான் இருக்கிறது.

போகிற வழியில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வரிசையாக, ஒரே உயரமாக நிற்கும். உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாக, தலை உருண்டையாக, ஒன்றோடு ஒன்று நெருங்கி, தளிர் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தெரிந்தால் அதுதான் சோலை. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. மழையைப் பிடித்து வைத்து ஓடையாக மெல்ல மெல்ல விடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். அணை நிரம்புவதே இவற்றால்தான்.

எனக்குப் படம் வரையவே தெரியாது. ஒரு நோட்டு கொண்டு வந்தா போதுமா?

போதும். நல்ல தடிமனான தாள், 300 ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு 4பி பென்சில், சின்ன வாட்டர்கலர் பெட்டி, இரண்டு தூரிகை. வண்ணம் பூசும் முன் முதல் காலை முழுக்கப் பென்சிலால் எதிர்க்கரையின் விளிம்புக்கோட்டை மட்டும் வரையுங்கள். மலையை உண்மையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஈரம். பனிமூட்டத்தில் பூசிய வண்ணம் இருபது நிமிடமானாலும் காயாது. அவசரப்பட்டு மேலே அடுத்த வண்ணம் வைத்தால் கலங்கிவிடும். காயவைக்கப் போராடாதீர்கள். தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஈரத்திலேயே மரங்களின் நீலச்சாம்பலைத் தொட்டு வையுங்கள். அது தானாகக் கீழே பரவி மூட்டமாகிவிடும்.

தோடர் எம்ப்ராய்டரி வாங்கணும். ஒரிஜினல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் நான் ஏமாந்த கதை. ஒரு கடையில் கையால் செய்தது என்று சத்தியம் செய்து கொடுத்த சால்வையை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மெஷின் தையலின் வெள்ளை நூல் ஓடியது. அன்றைக்கே உட்கார்ந்து உண்மையானது எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு தோடர் அம்மா வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது. துணியில் பென்சில் கோடோ அச்சோ கிடையாது. நெருடலான வெள்ளைப் பருத்தித் துணி. ஊசி முனையால் இழைகளை எண்ணித் தள்ளுகிறார், நுழைக்கிறார், அடுத்த வரிசைக்குத் திரும்பும் இடத்தில் நூலை இறுக்கி இழுக்காமல் ஒரு சின்ன வளையமாக விட்டுவிடுகிறார். சிவப்பு, கறுப்பு இரண்டே நிறம். பேசிக்கொண்டேதான் எண்ணுகிறார், ஒரு இழை தப்பினால் கோலமே சாய்ந்துவிடும் என்றார். அந்த வளையங்களால் ஒரு பக்கம் புடைத்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். நாம் பின்பக்கம் என்று நினைக்கும் அந்தச் சொரசொரப்பான பக்கத்தைத்தான் தோடர்கள் சரியான பக்கமாகக் கருதுகிறார்கள். ஆகவே வாங்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று, எல்லாத் தையலும் ஒரே அளவாக, பின்னால் தனி நூல் ஓடினால் அது மெஷின். இந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

அது சரி, ஒரு சால்வைக்கு ஏன் இவ்ளோ விலை? கொஞ்சம் குறைச்சுக் கேக்கலாமா?

கேட்காதீர்கள். மேலே சொன்ன மாதிரி இழை எண்ணிச் செய்யும் பூத்துக்குளி, அவர்கள் போர்த்திக்கொள்ளும் அந்தப் பெரிய சால்வை, முடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வீட்டு வேலை, எருமை வேலை எல்லாம் முடித்துக் கிடைக்கும் நேரத்தில் செய்வது. பணம் போதவில்லை என்றால் சின்னப் பை, கைப்பேசி உறை, மேசைவிரிப்பு வாங்குங்கள். செய்தவர் கையிலிருந்தோ, அவர்களுக்கு நேராகப் பணம் போய்ச் சேரும் கூட்டுறவு, சுயஉதவிக் குழுக் கடையிலிருந்தோ வாங்குங்கள்.

தோடர் மந்துக்குள்ள போய்ப் பார்க்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

மந்து என்பது மனிதர்கள் குடியிருக்கும் ஊர். தெரிந்தவர் அழைத்தால் போகலாம். வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே நடப்பது தவறு. அரை உருளை வடிவத்தில் புல் வேய்ந்து நிற்பது பெரும்பாலும் அவர்களுடைய கோவில். கிட்டே போகக் கூடாது, சுற்றுக்கல்லைத் தாண்டக் கூடாது. அவர்களுடைய பெண்களே கோவிலுக்குள் போவதில்லை. படம் எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நான் கேமராவை எடுப்பதே இல்லை. வெளியே வந்த பிறகு நினைவிலிருந்து வரைவேன்.

தோடர் தவிர வேற என்ன கலை இருக்கு?

நிறைய. கோத்தர்கள் பரம்பரையாகக் கொல்லர்கள், தச்சர்கள், இசைக்காரர்கள்; கோத்தர் பெண்கள் மண்பாண்டம் வனைகிறவர்கள். ஒரு காலத்தில் மலையின் மற்றவர்களுக்கு அரிவாளும் சட்டியும் வாத்தியமும் இவர்களிடமிருந்துதான் போயின. ஆலு குறும்பர்களின் ஓவியம் எனக்கு மிகவும் நெருக்கமானது. வேங்கை மரத்துப் பிசினும் மண்ணும் இலைச்சாறும்தான் வண்ணம். தேன் எடுப்பது, விளைச்சல், வீட்டுச் சடங்கு எல்லாம் சின்னச் சின்ன உருவங்களாக வரும். அவர்கள் ஊர்கள் கோத்தகிரிப் பக்கம். அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் வரும். வெள்ளை உடுத்தி, ஊர் ஊராக நடந்தே போவார்கள். வட்டமாக நின்று நிதானமாக அடி வைக்கும் அவர்கள் ஆட்டத்தை அந்த நாட்களில் பார்க்கலாம்.

காட்டெருமை, கரடி எல்லாம் வருமாமே. பயமா இருக்கு.

வரும். தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை மேய்வது தினசரிக் காட்சி. அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நின்ற இடத்திலிருந்து பின்னால் நகருங்கள், செல்ஃபிக்காக முன்னால் போகாதீர்கள். கரடியும் சிறுத்தையும் பெரும்பாலும் இருட்டிய பிறகு நடமாடும். ஆறு மணிக்கு மேல் தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம், மிச்சச் சாப்பாட்டை வாசலில் கொட்ட வேண்டாம். நான் சொன்ன ஆறரை மணி ஏரிக்கும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, மூன்று பேராவது சேர்ந்து போங்கள். மழை விட்ட மாதங்களில் புல்லில் அட்டை இருக்கும்; கொஞ்சம் உப்புப் பொடி கையில் இருந்தால் போதும்.

எழுபது வயசு அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள், உறைபனி மாதங்களைத் தவிர்த்து. மூச்சுத் தொந்தரவோ இதயப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரைகளை இரண்டு நாள் அதிகமாகவே எடுத்து வையுங்கள். பெரிய மருத்துவமனைக்கு ஊட்டிதான். என் அம்மா ஒரு முறை வந்தபோது நான்கு நாளும் திண்ணையில் கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். இவர் பேசியது தமிழ், அவர் பேசியது படுகர்களின் மொழி. எப்படிப் புரிந்துகொண்டார்களோ, கிளம்பும்போது இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது மஞ்சூர், கெத்தை வழியா காரமடை இறங்கினா கூட்டம் இருக்காதாமே?

கூட்டம் இருக்காது, யானை இருக்கும். நாற்பதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள், வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, பல இடத்தில் சிக்னலும் இல்லை. வனச்சோதனைச் சாவடி நேரமும் உண்டு. மலைப்பாதையில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர், பகல் வெளிச்சத்தில், அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறது என்று மஞ்சூரில் கேட்டுக்கொண்டு இறங்கலாம். புதிதாக ஓட்டுகிறவர்கள் வந்த வழியே திரும்புங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறுவதும் கோத்தகிரி வழியாக இறங்குவதுமாக ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.